பதக்கத்துக்குப் பின்னால் ஒரு பதற்றம்: விளையாட்டு வீரர்களுக்கு 'ஆர்ட் தெரபி' உண்மையில் உதவுமா?

டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஆகஸ்ட் 1. பெண்களுக்கான 3 மீட்டர் ஸ்பிரிங்போர்டு டைவிங் இறுதிப்போட்டி நடந்துகொண்டிருக்கிறது. கேலரியில் ஒருவர் தலையைக் குனிந்தபடி, கையில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கிறார். அந்தக் காட்சி கேமராவில் சிக்கியது. கொஞ்ச நேரத்திலேயே உலகம் முழுக்க வைரல்.

அவர் பிரிட்டன் டைவிங் வீரர் டாம் டேலி. ஆறு நாள் முன்புதான் மேட்டி லீயுடன் சேர்ந்து 10 மீட்டர் இரட்டையர் பிரிவில் தங்கம் வென்றிருந்தார். 14 வயதில் பெய்ஜிங்கில் தொடங்கிய ஒலிம்பிக் பயணம் அது. முதல் தங்கத்துக்கு நான்காவது ஒலிம்பிக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதக்கத்தில் கீறல் விழக்கூடாது என்று அவரே ஒரு சின்னப் பையும் பின்னி வைத்திருந்தார். ஒரு பக்கம் பிரிட்டன் கொடி, மறுபக்கம் ஜப்பான் கொடி.

2020 ஊரடங்கு காலத்தில் கற்றுக்கொண்ட பின்னல் வேலை அது. போட்டி நாள்களின் பரபரப்பில் தன்னை நிதானமாக வைத்திருந்தது இதுதான் என்று டேலி வெளிப்படையாகவே சொன்னார்.

'ஸ்வெட்டர் பின்றதெல்லாம் பாட்டி வேலையாச்சே' என்று சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால் அந்த ஒரு படம் ஒரு நல்ல கேள்வியைக் கிளப்பியது. வரைவது, பின்னுவது, களிமண் பிசைவது போன்ற கை வேலைகளால் ஒரு விளையாட்டு வீரரின் மனநலத்துக்கு உண்மையிலேயே பலன் இருக்கிறதா? மருத்துவ உலகம் 'ஆர்ட் தெரபி' என்று சொல்வதும் டேலி செய்ததும் ஒன்றுதானா?

ஒன்றில்லை. அது ஏன் என்று பார்ப்பதற்கு முன்னால், பிரச்சனை எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபிட்டா இருக்கறவங்களுக்கு என்ன கவலை?

பலர் கேட்கும் கேள்வி இது. உடம்பு இரும்பு மாதிரி இருந்தால் மனசும் அப்படித்தான் இருக்கும் என்பது நம்முடைய நினைப்பு.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2019-ல் உயர்மட்ட வீரர்களின் மனநலம் குறித்து ஒரு நிபுணர் அறிக்கையை வெளியிட்டது. அதே ஆண்டு அதை ஒட்டி வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்றில், களத்தில் இருக்கும் வீரர்களில் சுமார் 34 சதவீதம் பேரிடம் பதற்றம் அல்லது மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. மதுப் பழக்கத்தால் சிக்கல் இருந்தவர்கள் 19 சதவீதம். ஓய்வு பெற்றவர்களிடம் பதற்ற, மனச்சோர்வு அறிகுறிகள் 26 சதவீதம். கவனிக்க: இவை அறிகுறிகள். 34 சதவீதம் பேருக்கும் நோய் என்று டாக்டர் உறுதிசெய்துவிட்டார் என்று பொருள் இல்லை. இருந்தாலும் மூன்றில் ஒருவர் என்பது சின்ன எண்ணிக்கை கிடையாது.

தோற்றவர்களுக்குத்தான் இந்த நிலைமை என்றும் நினைக்க வேண்டாம். 2008 பெய்ஜிங்கில் இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்த அபினவ் பிந்த்ரா, தன்னுடைய வாழ்க்கையின் பெரிய மன நெருக்கடி வந்தது அந்தத் தங்கத்தை ஜெயித்த பிறகுதான் என்று பல மேடைகளில் பேசியிருக்கிறார். வருஷக்கணக்கில் துரத்திய இலக்கு கைக்கு வந்துவிட்டது. மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வது? நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸும் ஒலிம்பிக் முடிந்த பிறகு வரும் இந்த வெறுமையைப் பற்றிப் பேசியவர்தான்.

விராட் கோலி 2014 இங்கிலாந்து தொடரில் ரன் வராமல் தவித்தபோது, சுற்றிலும் ஆள்கள் இருந்தும் உலகத்திலேயே தனியாக இருப்பது போல உணர்ந்ததாகச் சொன்னார். அதை அவர் சொன்னது 2021-ல், ஏழு வருஷம் கழித்து.

இந்தத் தாமதம்தான் கதையின் முக்கியமான இடம். 2006-ல் இங்கிலாந்து தொடக்க ஆட்டக்காரர் மார்கஸ் டிரெஸ்கோதிக் இந்தியச் சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். அப்போது வெளியே சொல்லப்பட்ட காரணம் வேறு. மனச்சோர்வு என்ற உண்மை பிறகுதான் வந்தது. டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா 2021 பிரெஞ்சு ஓபனில் பத்திரிகையாளர் சந்திப்புக்கு வர மாட்டேன் என்றார். 15,000 டாலர் அபராதம் போட்டார்கள். அடுத்த நாளே போட்டியிலிருந்து விலகி, 2018 முதல் மனச்சோர்வோடு போராடுவதாக அறிவித்தார்.

சின்ன வயதிலிருந்தே ஒரு விளையாட்டு வீரருக்குக் கற்றுத்தரப்படும் முதல் பாடம், 'வலியை முகத்துல காட்டாதே'. எதிராளி பார்த்தால் ஆபத்து, செலக்டர் பார்த்தால் அதைவிட ஆபத்து. மேட்ச் முடிந்து மைக்கை நீட்டினால் என்ன சொல்கிறார்கள்? 'டீம் எஃபர்ட்தான் காரணம், அடுத்த மேட்ச்ல ஃபோகஸ் பண்றோம்.' வாய்க்கும் மனசுக்கும் நடுவில் ஒரு சுவர் கட்டியே வளர்க்கப்பட்டவர்களிடம் கவுன்சிலர் உட்கார்ந்து, 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டால் அதே பதில்தான் வரும். ஆர்ட் தெரபி நுழைய முயல்வது இந்த இடத்தில்தான்.

ஆர்ட் தெரபி எங்கிருந்து வந்தது?

இரண்டாம் உலகப்போரை ஒட்டிய காலம். ஏட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர், 1938-ல் காசநோயால் சானடோரியத்தில் படுத்திருந்தபோது பொழுதுபோகாமல் பக்கத்தில் இருந்த பொருள்களையெல்லாம் வரைய ஆரம்பித்தார். அது தன்னைத் தேற்றுவதை உணர்ந்து மற்ற நோயாளிகளையும் வரையத் தூண்டினார். 1942-ல் 'ஆர்ட் தெரபி' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க், ஈடித் கிரேமர் போன்றவர்கள் இதை மனநல சிகிச்சையோடு இணைத்தார்கள். பிரிட்டனில் 1964-லும் அமெரிக்காவில் 1969-லும் இதற்கான தொழில்முறைச் சங்கங்கள் தொடங்கின. இன்று பிரிட்டனில் 'ஆர்ட் தெரபிஸ்ட்' என்ற பட்டத்தைப் பதிவு செய்யாத யாரும் போட்டுக்கொள்ள முடியாது. சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர் அது.

சுருக்கமாகச் சொன்னால், ஆர்ட் தெரபி என்பது மனநல சிகிச்சை. பேச்சு மட்டும் இருக்கும் இடத்தில் காகிதம், கலர், களிமண், பழைய பத்திரிகையிலிருந்து வெட்டிய படங்கள் எல்லாம் வந்து சேர்கின்றன. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் எதிரில் இருப்பார். நோக்கம் நல்ல படம் வரைவதில்லை. வரையும்போது என்ன நடக்கிறது, வரைந்ததைப் பார்த்து என்ன தோன்றுகிறது என்பதுதான் பேச்சின் தொடக்கப்புள்ளி.

'எனக்கு டிராயிங்கே வராதே' என்பவர்களுக்கு: பரவாயில்லை. நன்றாக வரையத் தெரிந்தவர்கள் சில சமயம் படத்தின் அழகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. 'கறுப்பு கலர் அடிச்சா டிப்ரஷன், சிவப்பு அடிச்சா கோபம்' என்று ஜோசியம் மாதிரி சிகிச்சையாளர் படம் பார்த்துப் பலன் சொல்ல மாட்டார். அப்படி யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடலாம். படத்துக்கு அர்த்தம் சொல்ல வேண்டியவர் வரைந்தவரே.

ஒரு அமர்வு எப்படி இருக்கும்?

ஒரு கற்பனை உதாரணம். விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்கும் 17 வயது கபடி வீராங்கனை என்று வைத்துக்கொள்வோம். ரெய்டர். முழங்கால் ஏசிஎல் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் முடிந்திருக்கிறது. திரும்ப மேட்டில் இறங்க ஒன்பது மாதமாவது ஆகும். கோச் கேட்டாலும் 'நல்லா இருக்கேன் சார்'. ஃபிசியோ கேட்டாலும் 'நல்லா இருக்கேன்'. அம்மா போன் பண்ணினாலும் அதேதான்.

சிகிச்சையாளர் ஒரு பெரிய தாளில் மனித உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் போட்டுக் கொடுக்கிறார். 'உன் உடம்பு உள்ளுக்குள்ள எப்படி இருக்குன்னு உனக்குப் பிடிச்ச கலர்ல நிரப்பும்மா.' அவள் தோளுக்கு ஆரஞ்சு அடிக்கிறாள், கைகளுக்கு மஞ்சள், வயிற்றில் சுருள்சுருளாக ஏதோ கிறுக்கல். வலது முழங்கால் மட்டும் வெள்ளையாகவே நிற்கிறது.

'இந்த இடத்துல ஏன்மா எதுவும் போடல?'

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, 'அது என் கால் மாதிரியே இல்ல மேடம்.'

இத்தனை மாதமாக யாரிடமும் சொல்லாத வாக்கியம் அது. இதற்குப் பிறகு பேசலாம். காலை நம்ப முடியவில்லை என்ற பயம், இடத்தை வேறொருத்தி பிடித்துவிடுவாளோ என்ற பயம், விளையாட்டு கோட்டாவில் கிடைக்க வேண்டிய சீட்டு போய்விடுமோ என்ற பயம். எல்லாம் ஒரே நாளில் வெளியே வந்துவிடாது. வாரம் ஒரு முறை என்று மாதக்கணக்கில் நடக்கும் வேலை இது. சில வாரம் ஒன்றுமே நடக்காது, தாளில் பந்து பந்தாகக் கிறுக்கிவிட்டுப் போவார்கள்.

எந்தப் பொருளைக் கையில் கொடுக்கிறோம் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1978-லேயே இரண்டு அமெரிக்க ஆர்ட் தெரபிஸ்ட்டுகள் இதை ஒரு கோட்பாடாக எழுதினார்கள். பென்சில், ஸ்கெட்ச் பேனா, கொலாஜ் எல்லாம் கைக்கு அடங்கும் பொருள்கள். கோடு போட்ட இடத்தில் நிற்கும், அழிக்கவும் செய்யலாம். வாட்டர் கலர் அப்படியில்லை, அது போகிற இடத்துக்குப் போகும். பதற்றத்தில் இருப்பவரிடம் முதல் நாளே வாட்டர் கலரைக் கொடுத்தால் இன்னும் பதறிப்போகலாம். அதே சமயம், 'ஒரு பாயின்ட்கூடத் தவறக்கூடாது' என்று இறுகிப்போன ஒரு ஜிம்னாஸ்டுக்கோ துப்பாக்கி சுடும் வீரருக்கோ, கட்டுக்குள் வராத ஒரு நீலக் கறை தாளில் பரவுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதே ஒரு பயிற்சி. பிழை நடந்தது, யாரும் மார்க் குறைக்கவில்லை. அவர்களுடைய வாரத்தில் அப்படி ஒரு மணி நேரம் வேறு எங்கே கிடைக்கும்?

முகமூடி செய்த ராணுவ வீரர்கள்

விளையாட்டுக்கு வெளியே இருந்தாலும் இந்த உதாரணத்தைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் பெதெஸ்டாவில் உள்ள வால்டர் ரீட் ராணுவ மருத்துவ வளாகத்தில், போரில் தலையில் அடிபட்டவர்களுக்கும் அதிர்ச்சியில் உறைந்தவர்களுக்கும் 2010 முதல் வெள்ளை முகமூடிகளைக் கொடுத்து, 'உங்களுக்குத் தோன்றுவதை இதில் செய்யுங்கள்' என்றார்கள். முள்கம்பி சுற்றிய வாய், பாதி உடைந்த தலை, பூட்டுப் போட்ட உதடு. 2015-ல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் இதை அட்டைப்படக் கட்டுரையாக்கியது.

ராணுவத்துக்கும் விளையாட்டுக்கும் உள்ள ஒற்றுமையைக் கவனியுங்கள். இரண்டிலும் வலியைப் பொறுத்துக்கொள்வது பெருமை, உதவி கேட்பது பலவீனம். குத்துச்சண்டை, ரக்பி, கால்பந்து போன்றவற்றில் தலையில் அடிபடுவதும் பொது. அதனால் அங்கே கிடைத்த அனுபவம் இங்கேயும் பேசப்படுகிறது. ஆனால் போர் அதிர்ச்சியும் மேட்ச் தோல்வியும் ஒன்றல்ல. அங்கே பலித்தது இங்கேயும் அப்படியே பலிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வீரரே ஓவியராக இருந்தால்?

அமெரிக்காவின் டர்ஹாமில் பிறந்த எர்னி பார்ன்ஸ், பள்ளியில் கூச்ச சுபாவமுள்ள குண்டுப் பையன். மற்ற பையன்களின் கேலிக்குப் பயந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஒதுங்கிப்போய் வரைந்துகொண்டிருப்பான். அதைப் பார்த்த ஓர் ஆசிரியர் அவனை உடற்பயிற்சிக்கு இழுத்துவந்தார். பிறகு தொழில்முறை அமெரிக்கன் ஃபுட்பால் வீரரானார். டென்வர் அணியில் ஆடிய காலத்தில், அணிக் கூட்டங்களுக்கு நடுவே ஸ்கெட்ச் போட்டதற்காகக் கோச் அபராதம் போட்டாராம்!

அவருடைய ஓவியங்களில் உடல்கள் இயல்பைவிட நீண்டு வளைந்து இருக்கும். காரணம், கல்லூரியில் ஓவிய ஆசிரியர் எட் வில்சன் கொடுத்த அறிவுரை: மைதானத்தில் அசையும்போது உன் உடம்பு உள்ளே எப்படி உணர்கிறது என்று கவனி. ஆட்டம் வெளியே எப்படித் தெரிகிறது என்பதைத்தான் வீடியோ அனாலிஸ்ட் பார்ப்பார். உள்ளே எப்படி இருந்தது என்பதை வீரர் மட்டுமே வரைய முடியும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் அதிகாரப்பூர்வ ஓவியர்களில் பார்ன்ஸும் ஒருவர். அவருடைய 'தி சுகர் ஷேக்' ஓவியம் 2022-ல் 1.5 கோடி டாலருக்கும் மேல் ஏலம் போனது.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஜாக் ரஸ்ஸல் நினைவிருக்கும். இங்கிலாந்துக்கு 54 டெஸ்ட் ஆடிய விக்கெட் கீப்பர், விசித்திரமான தொப்பி. மழையால் ஆட்டம் நின்றால் மற்றவர்கள் சீட்டு ஆடுவார்கள், இவர் ஸ்கெட்ச் புத்தகத்தை எடுப்பார். இன்று முழுநேர ஓவியர், சொந்த கேலரி வைத்திருக்கிறார்.

விளையாட்டும் கலையும் இப்படி ஒட்டியிருப்பது ஒன்றும் புதுசில்லை. 1912 முதல் 1948 வரை ஒலிம்பிக்கில் ஓவியம், சிற்பம், இசை, இலக்கியம், கட்டடக்கலைக்கும் பதக்கம் கொடுத்தார்கள் தெரியுமா? வால்டர் வினன்ஸ் என்ற அமெரிக்கர் 1908-ல் துப்பாக்கிச் சுடுதலில் தங்கம் வாங்கினார், 1912-ல் சிற்பத்தில் தங்கம் வாங்கினார். ஆனால் கலைக்கும் மார்க் போட்டால் அது இன்னொரு போட்டி ஆகிவிடும். மனசுக்கு இறங்கும் இடமாக அது இருக்காது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அதிகம் பகிரப்படும் ஆய்வு, அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016-ல் வெளியிட்டது. 39 பேர், 45 நிமிடம், கலர் பேனா, களிமண், கொலாஜ். முன்னும் பின்னும் எச்சில் மாதிரி எடுத்து, மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்ட்டிசால் ஹார்மோனை அளந்தார்கள். ஏறக்குறைய 75 சதவீதம் பேருக்கு அளவு குறைந்திருந்தது. வரைந்து பழக்கம் இருக்கிறதா இல்லையா என்பது பெரிய வித்தியாசத்தைத் தரவில்லை. நல்ல செய்திதான். ஆனால் கலந்துகொண்டவர்கள் குறைவு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, அவர்கள் விளையாட்டு வீரர்களும் இல்லை. 'ஆர்ட் தெரபி ஸ்ட்ரெஸ்ஸை 75% குறைக்கும்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்ப வேண்டாம். அந்த 75 சதவீதம் ஆள்களின் கணக்கு.

2005-ல் வெளியான இன்னொரு ஆய்வு சுவாரசியமானது. 84 கல்லூரி மாணவர்களை முதலில் கொஞ்சம் பதற்றப்பட வைத்து, பிறகு மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வட்ட வடிவ மண்டலக் கோலத்துக்குக் கலர் அடித்தது, இன்னொன்று கட்டம் போட்ட டிசைனுக்கு, மூன்றாவது குழுவுக்கு வெறும் தாள். டிசைன் இருந்த இரண்டு குழுவிலும் பதற்றம் குறைந்தது. வெறும் தாளில் பெரிதாகக் குறையவில்லை. வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடும் வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஆனால் இங்கும் அளந்தது சில நிமிட அமைதியைத்தான், நோய் குணமானதை இல்லை.

உலக சுகாதார அமைப்பு 2019-ல் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, நோய்த் தடுப்பிலும் சிகிச்சையிலும் கலைகளுக்குப் பங்கு இருக்கிறது என்றது.

மறுபக்கமும் இருக்கிறது. 2012-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு, மனச்சிதைவு நோயுள்ள 417 பேரிடம் நடத்தப்பட்டது. வழக்கமான சிகிச்சையோடு வாரம் ஒரு குழு ஆர்ட் தெரபி சேர்த்தும், இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது கூடுதல் பலன் தெரியவில்லை. நிறைய பேர் அமர்வுக்கே ஒழுங்காக வரவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியும், எல்லா நோய்க்கும் இது வேலை செய்யும் என்ற பேச்சுக்கு இந்த ஆய்வு ஒரு கடிவாளம்.

விளையாட்டு வீரர்களை மட்டும் வைத்து நடந்த பெரிய ஆய்வுகள் குறைவு. ஆகவே, துணை சிகிச்சையாகப் பயன்படுத்த நியாயமான காரணங்கள் இருக்கின்றன, தனி மருந்தாக விற்க ஆதாரம் போதாது என்பதே இன்றைய நிலைமை.

அந்தப் படத்தை யார் பார்ப்பார்கள்?

என் பார்வையில் இந்த விஷயத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். இதைப் பற்றித்தான் ரொம்பக் குறைவாகப் பேசுகிறோம்.

அணி நிர்வாகம் ஒருவரைக் கூப்பிட்டு வீரர்களுக்கு ஒருநாள் 'பெயின்டிங் வொர்க்‌ஷாப்' நடத்துகிறது. எல்லாரும் டி-ஷர்ட்டில் கலர் அடித்துக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். மாலையில் அணியின் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ். ஜாலியான விஷயம், தப்பே இல்லை. ஆனால் அது சிகிச்சை ஆகாது. அங்கே யாரும் வெள்ளையாக விட்ட முழங்காலைக் காட்ட மாட்டார்கள்.

சிகிச்சை அறையில் வரைந்த படம், டாக்டரிடம் சொன்ன ரகசியத்துக்குச் சமம். கோச், மேனேஜர், செலக்டர், பெற்றோர் யாராக இருந்தாலும் வரைந்தவரின் சம்மதம் இல்லாமல் பார்க்கக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் சிகிச்சையாளர் மற்றவர்களிடம் பேச வேண்டியிருக்கும். அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 'பொண்ணு என்ன வரைஞ்சா, காட்டுங்க' என்று கேட்கும் கோச்சுக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, அக்கறையில்கூடக் கேட்கலாம். ஆனால் காட்டினால் அன்றோடு அந்தப் பெண் உண்மையை வரைவதை நிறுத்திவிடுவாள். சிகிச்சையாளரின் சம்பளத்தை அணி நிர்வாகமே கொடுக்கும்போது இந்தக் கோட்டைக் காப்பாற்றுவது இன்னும் கஷ்டம். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் என்றால் பெற்றோருக்கு எவ்வளவு சொல்வது என்பதை ஆரம்பத்திலேயே மூன்று தரப்பும் பேசி முடிவு செய்வது நல்லது.

எப்போது இது மட்டும் போதாது?

தூக்கம் வாரக்கணக்கில் போய்விட்டது, சாப்பாட்டைத் தவிர்ப்பது அல்லது சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது, பிடித்த விஷயம் எதிலும் ஆர்வம் இல்லை, குடி அதிகமாகிறது, 'நான் இல்லன்னா யாருக்கு என்ன' என்ற மாதிரிப் பேச்சு. இதில் எது தெரிந்தாலும் முதலில் போக வேண்டியது மனநல மருத்துவரிடம். மருந்து தேவைப்படலாம். ஆர்ட் தெரபி அதோடு சேர்ந்து வரலாம், அதற்குப் பதிலாக வரக்கூடாது.

ஓட்டப்பந்தய வீராங்கனை அலெக்ஸி பப்பாஸ் இதற்கு நல்ல உதாரணம். 2016 ரியோவில் கிரீஸுக்காக 10,000 மீட்டர் ஓடி தேசிய சாதனை படைத்தவர். திரைப்படமும் எடுப்பவர். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் கலைஞராகவும் அழைக்கப்பட்டார். ரியோ முடிந்ததும் அவருக்குக் கடுமையான மனச்சோர்வு வந்தது. கலை அவர் கையிலேயே இருந்தும் மீட்டது மனநல சிகிச்சைதான். 'முட்டியில சிராய்ப்பு வந்தா ஆறுற மாதிரி, மூளையில வந்த காயமும் நேரம் எடுத்து ஆறும்' என்ற பொருளில் அவருடைய மருத்துவர் சொன்னது தனக்குப் பெரிய திருப்பமாக இருந்ததாக அவர் கூறியிருக்கிறார்.

சிமோன் பைல்ஸையும் இங்கே சொல்ல வேண்டும். டோக்கியோவில் காற்றில் சுழலும்போது தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வே தப்பிப்போனதால் அணி இறுதிப்போட்டியிலிருந்து விலகினார். மூன்று ஆண்டு கழித்து பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. பாரிஸ் அணி இறுதிப்போட்டி நாளன்று காலையில்கூட தெரபிஸ்ட்டிடம் பேசிவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னார். அது ஆர்ட் தெரபி இல்லை, பேச்சு சிகிச்சை. யாருக்கு எது ஒத்துவரும் என்பது ஆளைப் பொறுத்தது. நன்றாகப் பேச வருகிறவருக்குக் கலர் பென்சில் தேவையே படாமல் போகலாம்.

போக நினைத்தால் என்ன கேட்க வேண்டும்?

இரண்டு நாள் ஆன்லைன் சான்றிதழை வைத்துக்கொண்டு 'ஆர்ட் தெரபிஸ்ட்' என்று போர்டு மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: எங்கே படித்தீர்கள், எத்தனை காலம்? மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்த்த அனுபவம் உண்டா? தேவைப்பட்டால் எந்த மனநல மருத்துவரிடம் அனுப்புவீர்கள்? நான் வரைந்தது யாரிடம் இருக்கும்? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்கலாம்.

வீட்டில் ஒரு ஸ்கெட்ச் புத்தகம் வாங்கி வைப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். காயத்தில் ஓய்வெடுக்கும் பிள்ளைக்கு நாள் முழுக்க மொபைல்தான் துணை என்றால், களிமண்ணோ ஊசி நூலோ கோல நோட்டோ கையில் கொடுத்துப் பார்க்கலாம். ஒரே ஒரு விஷயம்: 'சூப்பரா இருக்கே, காம்பெடிஷனுக்கு அனுப்பலாமா?' என்று மட்டும் கேட்காதீர்கள்.

*மன அழுத்தம், தற்கொலை எண்ணம் போன்றவை இருந்தால் மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 சுகாதார உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.*